டவர் லைட்டை ஏத்துறதுக்கு முன்னாடி மேல பாருங்க... நீளும் கம்பத்தைப் பாதுகாப்பாக நிறுத்துவது எப்படி?

திருப்பூரில் ராத்திரி என்பது இன்னொரு ஷிப்ட். பனியன் கம்பெனி காம்பவுண்டுக்குள் லாரிக்கு லோடு ஏறும். பக்கத்து ரோட்டில் குழாய் பதிக்கப் பள்ளம் தோண்டுவார்கள். அடுத்த வீதியில் மாரியம்மன் பண்டிகைக்குக் கம்பம் நட்டு ஆட்டம் நடந்துகொண்டிருக்கும். இந்த மூன்று இடத்திலும் இன்னொரு கம்பத்தையும் பார்க்கலாம். ஜெனரேட்டர் ட்ரெய்லரில் இருந்து மேலே நீளும் இரும்புக் கம்பம், உச்சியில் நாலு ஃபோகஸ் லைட். சைட்டில் டவர் லைட் என்பார்கள், லைட் செட் போடுறவர்கள் மாஸ்ட் என்பார்கள்.

குழாய்க்குள் குழாய் வைத்து, தேவைப்படும்போது நீட்டி, வேலை முடிந்ததும் சுருக்கிக்கொள்ளும் கம்பம் இது. டிவி சேனல்களின் நேரலை வேன், போலீசின் நடமாடும் கேமரா வண்டி, தீயணைப்புத் துறையின் மீட்பு விளக்கு, பேரிடர் நேரத்தில் வயர்லெஸ் ஆன்டெனா எல்லாவற்றிலும் இதே சங்கதிதான். சுருக்கி வைத்தால் ஆள் உயரம் கொஞ்சம் தாண்டும். நீட்டினால் 9 மீட்டர், அதாவது 30 அடி. மூன்று மாடி உயரம்.

நிரந்தரமாக நிற்கும் ஒரு மின்கம்பத்தை எங்கே நடுவது, எவ்வளவு ஆழம் தோண்டுவது என்பதை ஒரு பொறியாளர் முடிவு செய்கிறார். டவர் லைட்டை எங்கே நிறுத்துவது என்பதைப் பல நேரம் முடிவு செய்வது, ராத்திரி 9 மணிக்கு அதை இழுத்துக்கொண்டு வந்த வண்டியின் டிரைவர். பிரச்சினை இங்கேதான் ஆரம்பிக்கிறது.

கொல்வது கம்பம் இல்லை, மேலே போகும் கம்பி

கம்பம் சாய்ந்து தலையில் விழுவதுதான் பெரிய ஆபத்து என்று பலர் நினைக்கிறார்கள். அதுவும் உண்டு. ஆனால் உயிரை எடுக்கும் விபத்துகளின் கதை பெரும்பாலும் ஒன்றுதான்: உயரமான இரும்புப் பொருள் மின்கம்பிக்குப் போய்ச் சேர்கிறது, கீழே பிடித்துக்கொண்டு நின்றவர்கள் இறக்கிறார்கள்.

2025 மார்ச் 1. கன்னியாகுமரி மாவட்டம் இனயம் புத்தன்துறையில் தேவாலயத் திருவிழாவுக்கான வேலை நடந்துகொண்டிருந்தது. உயரமான இரும்பு ஏணியை நகர்த்தும்போது அது மேலே சென்ற உயர் அழுத்த மின்கம்பியில் பட்டது. 4 பேர் இறந்தார்கள். அதற்கு முன் 2022 ஏப்ரல் 27 அதிகாலையில் தஞ்சாவூர் களிமேட்டில் அப்பர் சதய விழாத் தேர் வீதியில் திரும்பும்போது, அதன் மேற்பகுதி உயர் அழுத்தக் கம்பியில் பட்டு, சிறுவர்கள் உட்பட 11 பேர் பலியானார்கள். சாலையைப் புதிதாகப் போட்டதில் அதன் மட்டம் உயர்ந்திருந்ததும் அப்போது பேசப்பட்டது. விழுப்புரத்தில் 2021 ஆகஸ்டில் கட்சிக் கொடிக்கம்பம் நடும் வேலையில் இருந்த 13 வயதுச் சிறுவன் மின்சாரம் தாக்கி இறந்தான்.

ஏணி, தேர், கொடிக்கம்பம். மூன்றும் டெலஸ்கோப்பிக் மாஸ்ட் இல்லைதான். ஆனால் மூன்றிலும் நடந்தது, டவர் லைட் ஏற்றும் எவருக்கும் எந்த நாளும் நடக்கக்கூடியது. அமெரிக்காவில் மாஸ்டிலேயே நடந்திருக்கிறது. 2000 மே 22 அன்று லாஸ் ஏஞ்சலஸின் ஹாலிவுட் பகுதியில் ஒரு செய்தி வேனின் மாஸ்ட் மேலே போய் மின்கம்பியைத் தொட்டது. அதிலிருந்த செய்தியாளர் ஏட்ரியன் ஆல்பர்ட் இடது முன்கையையும் வலது காலின் கீழ்ப்பகுதியையும் இழந்தார். பல மாத சிகிச்சைக்குப் பிறகுதான் அவரால் வேலைக்குத் திரும்ப முடிந்தது. நல்ல கருவி, தினமும் அதையே செய்து பழகிய ஆட்கள், பட்டப்பகல். அப்படியும் நடந்தது.

கம்பி எவ்வளவு உயரத்தில் போகும்?

மத்திய மின்சார ஆணைய விதிப்படி, சாலையைக் குறுக்கே கடக்கும் சாதாரண வீட்டு லைன் தரையில் இருந்து குறைந்தது 5.8 மீட்டர் உயரத்தில் இருக்க வேண்டும். 33 கிலோவோல்ட் வரையிலான உயர் அழுத்த லைன் என்றால் 6.1 மீட்டர். சாலை ஓரமாகவே நீளவாக்கில் போகும் கம்பிகளுக்கு முறையே 5.5, 5.8 மீட்டர். சாலை இல்லாத இடத்தில் 11 கிலோவோல்ட் வரைக்கும் 4.6 மீட்டரே போதும் என்கிறது விதி. காலி மனையிலோ தோட்டத்திலோ பண்டிகைக்கு லைட் போடுகிறவர்கள் இந்தக் கடைசி எண்ணை மனசில் வைத்துக்கொள்வது நல்லது. 4.6 மீட்டர் என்பது வெறும் 15 அடி.

இப்போது 9 மீட்டர் மாஸ்ட்டை இதோடு வைத்துப் பாருங்கள். பாதி தூரம் நீட்டும்போதே கம்பியின் உயரம் வந்துவிடும். தெருவில் இருக்கும் 8 மீட்டர் சிமென்ட் மின்கம்பத்தில் ஆறில் ஒரு பங்கு மண்ணுக்குள்ளே போய்விடும். வெளியே தெரிவது சுமார் 6.5 மீட்டர்தான். ஆக, டவர் லைட்டை முழுசா நீட்டினால் அது ஈ.பி. கம்பத்தையே தாண்டி நிற்கும். இந்த ஒரு விஷயம் தெரிந்திருந்தாலே பலரும் வண்டியை வேறு இடத்தில் நிறுத்துவார்கள்.

விதியில் இருக்கும் உயரம் தெருவில் இருக்கும் என்ற உத்தரவாதமும் கிடையாது. ரோட்டை மேல மேல போட்டுக்கொண்டே போனால் கம்பிக்கும் ரோட்டுக்கும் இடைவெளி குறையும். இரண்டு கம்பங்களுக்கு நடுவில் கம்பி தொய்ந்துதான் இருக்கும், நடுமத்தியில் அதிகம். சித்திரை வெயிலில் உலோகம் விரிந்து இன்னும் கொஞ்சம் இறங்கும். காதர்பேட்டை மாதிரி நெருக்கமான கடைவீதிகளில் விளம்பர போர்டும் கேபிள் வயரும் மறைப்பதால், எது ஈ.பி. லைன், எது டிவி கேபிள் என்று கீழே இருந்து பிரித்துப் பார்ப்பதே கஷ்டம். பிரிக்க முடியவில்லை என்றால் எல்லாமே கரன்ட் இருக்கிற கம்பிதான் என்று வைத்துக்கொள்ள வேண்டும்.

கண்ணால் மதிப்பிடுவதையும் நம்பக் கூடாது. கம்பிக்கு நேர் கீழே நின்று நிமிர்ந்து பார்த்தால் அது நிஜத்தைவிடத் தள்ளி இருப்பதாகத்தான் தோன்றும். பக்கவாட்டில் 20, 30 அடி தள்ளி நின்று பார்த்தால்தான் மாஸ்டுக்கும் கம்பிக்கும் உள்ள இடைவெளி புரியும். அளந்துதான் பார்க்க வேண்டுமென்றால் லேசர் அளவி இருக்கிறது. இன்ச் டேப், நீளமான குச்சி, தோட்டி இதையெல்லாம் மேலே நீட்டி அளக்கவே கூடாது.

'மின்சாரம் இழுத்துக்கும்' என்பது உண்மையா?

பாதி உண்மை. திருப்பூர் வீதிகளில் போகும் 11 அல்லது 22 கிலோவோல்ட் லைனில் இருந்து மின்சாரம் காற்றில் பல அடி தாண்டி வந்து ஆளை இழுக்காது. அந்த அழுத்தத்தில் காற்றைத் தாண்டும் தூரம் சென்டிமீட்டர் கணக்கில்தான். அப்படியென்றால் ஏன் 10 அடி தள்ளி இருக்கச் சொல்கிறார்கள்? கம்பி காற்றில் ஆடும். 9 மீட்டர் மாஸ்டின் நுனியும் ஆடும். ட்ரெய்லர் 1 டிகிரி சாய்ந்து நின்றாலே மாஸ்டின் உச்சி கிட்டத்தட்ட 16 சென்டிமீட்டர் நகர்ந்துவிடும். நம் கண்ணும் தப்பாகக் கணிக்கும். இத்தனை பிழைக்கும் சேர்த்துத்தான் அந்த இடைவெளி. அமெரிக்காவில் கிரேன்களுக்கு 50 கிலோவோல்ட் வரை குறைந்தது 10 அடி என்று சட்டமே இருக்கிறது.

மாஸ்டுக்கு அதைவிட எளிமையான ஒரு கணக்கு உண்டு. மாஸ்டின் முழு நீளத்தோடு 3 மீட்டர் கூட்டிக்கொள்ளுங்கள். அந்தத் தூரத்துக்குள் எந்த மின்கம்பியும் இருக்கக் கூடாது. 9 மீட்டர் மாஸ்ட் என்றால் 12 மீட்டர் சுற்றளவு வட்டம் என்று நினைத்துவிட வேண்டாம், நிற்கும் இடத்தில் இருந்து எந்தப் பக்கம் அளந்தாலும் 12 மீட்டர், சுமார் 40 அடி. இப்படி நிறுத்தினால் மாஸ்ட் ஆடினாலும் சரி, அடியோடு சாய்ந்தாலும் சரி, கம்பியில் போய் விழாது.

30 அடி ரோட்டில் 40 அடிக்கு எங்கே போவது என்ற கேள்வி வரும். நியாயமான கேள்விதான். அந்த ரோட்டில் 9 மீட்டர் மாஸ்ட்டை ஏற்றக் கூடாது என்பதுதான் பதில். உயரம் குறைந்த ஸ்டாண்டில் இரண்டு எல்.இ.டி. விளக்கு வைத்து வேலையை முடிக்கலாம். பக்கத்து காம்பவுண்டுக்காரரிடம் கேட்டு அவர் மொட்டை மாடிச் சுவரில் விளக்கை மாட்டலாம், அங்கேயும் கம்பி எவ்வளவு பக்கம் என்று பார்த்துவிட்டு. வேறு வழியே இல்லை, பெரிய மாஸ்ட்தான் வேண்டும் என்றால் லைனை நிறுத்தச் சொல்லிக் கேட்க வேண்டும்.

தேர் ஓடும் நேரத்தில் வீதியில் மின்சாரத்தை நிறுத்துவது தமிழ்நாட்டில் வழக்கம்தானே. அதேபோல் உங்கள் பகுதி மின்வாரியப் பிரிவு அலுவலகத்தில் உதவிப் பொறியாளரிடம் முன்கூட்டியே எழுதிக் கொடுத்துக் கேட்கலாம். ஊழியர்கள் வந்து லைனை ஆஃப் செய்து, இரண்டு பக்கமும் எர்த் போட்டு, வேலையைத் தொடங்கலாம் என்று சொன்ன பிறகுதான் அது செத்த லைன். "கரன்ட் போயிருச்சு, சட்டுனு ஏத்திரலாம்" என்பது இருப்பதிலேயே மோசமான யோசனை. பவர் கட் எந்த நிமிஷமும் முடியும்.

ரப்பர் செருப்பும் பிரேக்கரும் காப்பாற்றாது

ஜெனரேட்டரில் 30 மில்லி ஆம்பியர் கசிவுத் துண்டிப்பான், அதாவது ஆர்.சி.சி.பி., கட்டாயம் இருக்க வேண்டும். மழையில் நனைந்த வயரில் கசிவு வந்தால் அது உயிரைக் காப்பாற்றும். ஜெனரேட்டருக்கு எர்த் கம்பியும் வேண்டும். ஆனால் இந்த இரண்டும் உங்கள் ஜெனரேட்டரில் இருந்து வரும் மின்சாரத்துக்குத்தான் காவல். வெளியே போகும் 11 கிலோவோல்ட் லைனில் மாஸ்ட் பட்டால் உங்கள் பிரேக்கருக்கு அங்கே வேலையே இல்லை. ரப்பர் செருப்பு, காட்டன் கிளவுஸ், மாஸ்டுக்கு அடித்த பெயின்ட் எதுவும் அந்த அழுத்தத்துக்குத் தாங்காது. ஃபைபர் மாஸ்ட் ஈரமாகவோ அழுக்காகவோ இருந்தால் அதையும் நம்ப முடியாது, உள்ளே லைட்டுக்குப் போகும் வயர் எப்படியும் செம்பு.

கால் எங்கே ஊன்றுது?

டவர் லைட் ட்ரெய்லரில் நாலு பக்கமும் வெளியே இழுத்து ஊன்றும் ஜாக்கிக் கால்கள் இருக்கும். இடம் பத்தவில்லை என்று ரோட்டுப் பக்கத்துக் காலை மட்டும் இழுக்காமல் விடுவது அடிக்கடி நடக்கிற தப்பு. நாலையும் முழுசா இழுத்து ஊன்ற முடியாத இடம், மாஸ்ட் ஏற்றுவதற்கான இடம் இல்லை.

ஊன்றும் தரையைப் பாருங்கள். சாக்கடை மேல் போட்ட சிமென்ட் சிலாப், குழாய் பதித்துவிட்டு மண் தள்ளி மூடிய பள்ளம், ரோட்டு ஓரத்துப் புது மண். மூன்றும் பார்க்கக் கெட்டியாகத்தான் தெரியும். பாரம் ஏறிய அரை மணி நேரத்தில் ஒரு கால் உள்ளே இறங்கும். காலுக்கு அடியில் ஒன்றரை அடிக்கு ஒன்றரை அடி கனமான பலகை வைத்தால் பாரம் பரவும். பல்லடம், உடுமலை பக்கம் கரிசல் மண்ணில் மழை பெய்திருந்தால் பலகையும் போதாது, கெட்டித் தரைக்கு மாறிக்கொள்வதே சரி.

சக்கரத்துக்குக் கட்டை போட்டு, நாலு ஜாக்கியையும் ஏற்றி இறக்கி மட்டம் பார்க்க வேண்டும். ட்ரெய்லரில் ரசமட்டம் பதித்திருப்பார்கள். இல்லாவிட்டால் கொத்தனார் வைத்திருக்கும் ரசமட்டத்தை இரண்டு பக்கமும் வைத்துப் பார்த்தால் முடிந்தது.

பாலக்காட்டுக் கணவாய்க் காத்து

ஆடிக் காத்துல அம்மியும் பறக்கும் என்று சும்மா சொல்லவில்லை. மேற்குத் தொடர்ச்சி மலையில் இருக்கும் பெரிய இடைவெளி பாலக்காட்டுக் கணவாய். தென்மேற்குப் பருவக் காற்று அது வழியாகப் புகுந்து நேராகக் கொங்கு மண்டலத்துக்குத்தான் வருகிறது. பல்லடம், பொங்கலூர், குண்டடம், உடுமலை பக்கம் இத்தனை காற்றாலைகள் நிற்பதற்குக் காரணமே அதுதான். ஆடி மாதம்தான் அம்மன் கோவில் விசேஷங்களும் அதிகம். அதாவது மாஸ்டுக்கு வேலை கூடும் மாதமும் காற்று கூடும் மாதமும் ஒன்று.

காற்றின் வேகம் இரண்டு மடங்கு ஆனால் அதன் விசை நாலு மடங்கு ஆகும். மணிக்கு 36 கிலோமீட்டர் காற்று, 1 சதுர மீட்டர் பரப்பை சுமார் 6 கிலோ எடை மாதிரி தள்ளும். 72 கிலோமீட்டர் ஆனால் 24 கிலோ. உச்சியில் இருக்கும் நாலு லைட்டும் சட்டமும் சேர்ந்து 1 சதுர மீட்டர் என்று வைத்துக்கொண்டால், 9 மீட்டர் நெம்புகோலின் நுனியில் 24 கிலோவைக் கட்டிப் பக்கவாட்டில் இழுப்பதற்குச் சமம். நடுவில் இருந்து 1.5 மீட்டர் தள்ளிக் கால் ஊன்றியிருந்தால், அந்த இழுப்புக்கு மட்டும் சாயாமல் நிற்க மொத்த எடை 144 கிலோவுக்கு மேல் இருக்க வேண்டும். ஜெனரேட்டரோடு வரும் ட்ரெய்லர் பல நூறு கிலோ இருப்பதால் தாக்குப்பிடிக்கும். ஆனால் கேமராவுக்கும் ஆன்டெனாவுக்கும் வரும் முக்காலி மாஸ்ட் 40 கிலோகூட இருக்காது. இழுகயிறு கட்டாமல் அதை நிறுத்தினால் விழத்தான் செய்யும்.

இழுகயிறு என்றால் குறைந்தது மூன்று திசை, நாலாக இருந்தால் இன்னும் நல்லது. ஒவ்வொரு கயிற்றின் முனையும் மாஸ்ட் அடியில் இருந்து எவ்வளவு தள்ளிப் போகிறதோ அவ்வளவு பலம். கயிறு கட்டும் உயரத்தில் பாதி தூரமாவது தள்ளி முளை அடிக்க வேண்டும். தார் ரோட்டில் முளை இறங்காது என்பதால் மணல் மூட்டையிலோ சிமென்ட் பாரத்திலோ கட்ட வேண்டிவரும். பார்க் பண்ணின பைக்கிலும் வேறு யாராவது எடுத்துப் போகக்கூடிய வண்டியிலும் கட்டாதீர்கள். ஈ.பி. கம்பத்தில் கட்டவே கூடாது. இருட்டில் கயிறு தெரியாது என்பதால் பனியன் வேஸ்ட் துணியில் வெள்ளையாக நாலு துண்டு கட்டிவிடலாம், அதற்குத் திருப்பூரில் பஞ்சமா என்ன.

எந்த வேகம் வரை தாங்கும் என்பது ஒவ்வொரு மாஸ்டுக்கும் மாறும். ட்ரெய்லரில் ஒட்டியிருக்கும் தகட்டில் போட்டிருப்பார்கள், அதுதான் கணக்கு. காற்றுமானி கையில் இல்லையென்றால் சுற்றிப் பாருங்கள். சின்ன மரங்கள் அப்படியே ஆடத் தொடங்கினால் காற்று மணிக்கு 30 முதல் 40 கிலோமீட்டருக்குள். பெரிய கிளைகள் அசைந்து, மின்கம்பிகளில் விசில் மாதிரி சத்தம் கேட்டு, குடை பிடிக்க முடியாமல் போனால் 40-ஐத் தாண்டிவிட்டது. அந்தச் சத்தம் வருவதற்கு முன்பே இறக்கத் தொடங்கிவிடுவது நல்லது, ஏனென்றால் பலத்த காற்றில் வளைந்து நிற்கும் மாஸ்ட் சுருங்க மறுத்து நடுவில் சிக்கிக்கொள்ளும். மாஸ்டில் பேனரோ கொடியோ சாமி படமோ கட்டினால் மேலே சொன்ன கணக்கெல்லாம் செல்லாது. பரப்பு கூடினால் காற்றின் இழுப்பும் அதே அளவுக்குக் கூடும்.

இடி சத்தம் காதில் விழுந்தாலே மாஸ்ட் கீழே இருக்க வேண்டும். மின்னலை முன்கூட்டியே எச்சரிக்க, புனேயில் உள்ள இந்திய வெப்பமண்டல வானிலை ஆய்வு நிறுவனத்தின் 'தாமினி' செயலி இருக்கிறது. இடி தலைக்கு மேல் வந்துவிட்டால் மாஸ்ட்டைத் தொடாமல் விட்டுவிட்டுக் கட்டடத்துக்குள் போய்விடுங்கள்.

ஏத்தும்போது ரெண்டு பேர்

விளக்கு மாட்டுவது, வயர் இணைப்பது, எரிகிறதா என்று பார்ப்பது எல்லாமே மாஸ்ட் கீழே இருக்கும்போதே முடிந்திருக்க வேண்டும். மேலே போன பிறகு லைட் எரியவில்லை என்றால் முழுசா இறக்கித்தான் சரிபார்க்க வேண்டும், ஏணி போட்டு ஏறக் கூடாது. பழைய மெட்டல் ஹேலைடு விளக்கு ஒருமுறை அணைந்தால் சூடு ஆறி மறுபடி எரிய 10 நிமிஷம் வரை, சில நேரம் அதற்கு மேலும் பிடிக்கும். அது ரிப்பேர் இல்லை. பொறுமை இல்லாமல் மாஸ்ட்டை ஆட்டிப் பார்க்கிறவர்கள் உண்டு.

ஏற்றுகிறவர் கண் மாஸ்டிலும் வின்ச்சிலும் இருக்கும். அதனால் மேலே பார்ப்பதற்கென்றே இன்னொருவர் தள்ளி நிற்க வேண்டும். அவருக்கு வேறு வேலை கொடுக்கக் கூடாது. அவர் கை தூக்கினால் நிறுத்த வேண்டும், ஏன் என்று பிறகு கேட்டுக்கொள்ளலாம்.

திருப்பூரில் இதில் ஒரு கூடுதல் சிக்கல் இருக்கிறது. கூட வேலை செய்யும் தம்பி ஒடிசாவில் இருந்தோ பீகாரில் இருந்தோ வந்து ஒரு மாசம்கூட ஆகியிருக்காது. ஜெனரேட்டர் சத்தத்தில் "நிறுத்துப்பா" என்று கத்தினால் தமிழ் தெரிந்தவருக்கே கேட்காது. ஆரம்பிக்கும் முன்பு ஒரு நிமிஷம் நின்று, ஏத்து, நிறுத்து, இறக்கு என்ற மூன்றுக்கும் கை ஜாடையைப் பேசி வைத்துக்கொண்டால் போதும். மாஸ்டில் ஒட்டியிருக்கும் எச்சரிக்கை பெரும்பாலும் ஆங்கிலத்தில்தான் இருக்கும். அதன் பக்கத்தில் தமிழிலும் இந்தியிலும் ஒரு தாள் ஒட்ட ஓனருக்குப் பெரிய செலவு ஆகாது.

கையால் சுற்றும் வின்ச் மாஸ்ட் என்றால் எஃகுக் கயிற்றை முதலில் பாருங்கள். இழை அறுந்து முள் மாதிரி நிற்கிறதா, எங்காவது மடிந்து நசுங்கியிருக்கிறதா? இருந்தால் அன்றைக்கு ஏற்றக் கூடாது. முழுசா நீட்டிய பிறகும் உருளையில் மூன்று சுற்றாவது கயிறு மிச்சம் இருக்க வேண்டும். கைப்பிடியை நடுவில் விட்டுவிட்டு போன் எடுக்கிற பழக்கம் ஆபத்து. பூட்டு சரியாக விழாவிட்டால் மாஸ்ட் கீழே இறங்கும் வேகத்தில் கைப்பிடி திருப்பிச் சுழன்று மணிக்கட்டை உடைத்துவிடும்.

காற்றழுத்த மாஸ்டில் ஆபத்து வேறு மாதிரி. கம்ப்ரஸர் காற்று உள்ளே போகும்போது, சிக்கிக்கொண்டிருந்த ஒரு குழாய் திடீரென்று விடுபட்டுச் சீறிக்கொண்டு மேலே பாயும். அந்த நேரம் யாரும் அதன் மேல் குனிந்து பார்க்கக் கூடாது. தகட்டில் இருக்கும் அழுத்தத்துக்கு மேல் ஒரு துளியும் ஏற்ற வேண்டாம். இந்த வகையில் பூட்டு வளையம் இருப்பது ஒன்று, காற்றின் பலத்திலேயே நிற்பது இன்னொன்று. இரண்டாவது வகை, வாஷரில் சின்னக் கசிவு இருந்தாலும் விடியற்காலைக்குள் மெல்ல இறங்கிவிடும். ராத்திரி முழுக்க நிற்க வேண்டுமென்றால் பூட்டு உள்ளதைக் கேட்டு வாங்குங்கள்.

மாஸ்ட் மேலே இருக்கும்போது வண்டியை ஒரு அடிகூட நகர்த்தக் கூடாது. "கொஞ்சம் முன்னாடி தள்ளிக்கலாம்" என்றால்கூட இறக்கி, தள்ளி, மறுபடி ஏற்ற வேண்டும். இனயத்தில் ஏணி கம்பியைத் தொட்டது நகர்த்தும்போதுதான்.

தப்பித் தவறித் தொட்டுவிட்டால்

வேனுக்கோ வண்டிக்கோ உள்ளே இருப்பவர்கள் உள்ளேயே இருக்க வேண்டும். அங்கேதான் அவர்கள் பத்திரம். ஒரு கால் வண்டியிலும் ஒரு கால் தரையிலும் வைக்கும் அந்த நொடியில் மின்சாரம் உடம்பு வழியாகப் பாயும். வண்டி தீப்பிடித்தால் மட்டும் வெளியே வரலாம், அதுவும் எதையும் பிடிக்காமல் இரண்டு காலையும் சேர்த்து வைத்துக் குதித்து. குதித்த பிறகு ஓடக் கூடாது. மாஸ்ட் வழியாக இறங்கும் மின்சாரம் தரையிலும் பரவியிருக்கும். அகலமாக அடி எடுத்து வைத்தால் இரண்டு பாதத்துக்கும் நடுவில் மின்னழுத்த வேறுபாடு உண்டாகி அதுவே அடித்துப் போடும். பாதங்களை ஒட்டி வைத்து, தரையில் தேய்த்துத் தேய்த்து நகர்ந்து 10 மீட்டராவது தள்ளிப் போக வேண்டும்.

வெளியே நிற்பவர்களுக்கு இதைவிடக் கஷ்டமான வேலை. கண் முன்னால் ஒருவர் மாஸ்ட்டைப் பிடித்தபடி துடிக்கும்போது போய் இழுக்கத்தான் கை நீளும். இழுக்கப் போனவரும் அதே மின்சாரத்தில் சிக்குவார். வீட்டுக் கரன்ட்டில் காய்ந்த கட்டையால் தள்ளலாம் என்று சொல்லிக் கொடுத்திருப்பார்கள். உயர் அழுத்த லைனில் அந்தக் கட்டையும் உதவாது. மற்றவர்களை 10 மீட்டருக்கு வெளியே தள்ளி நிறுத்திவிட்டு, மின்வாரியத்தின் 'மின்னகம்' எண் 94987 94987, அவசர உதவி 112, ஆம்புலன்ஸ் 108 என்று ஆளுக்கு ஒரு எண்ணாக அழையுங்கள். பக்கத்துக் கம்பத்தில் எழுதியிருக்கும் எண்ணைச் சொன்னால் எந்த லைன் என்று மின்வாரியத்துக்குச் சீக்கிரம் புரியும்.

பொறி பறப்பது நின்றுவிட்டது, தெருவே இருட்டாகிவிட்டது என்பதால் கிட்டே போய்விடாதீர்கள். ட்ரிப் ஆன லைனுக்குத் துணை மின்நிலையத்தில் இருந்து மறுபடி சார்ஜ் கொடுத்துப் பார்ப்பது உண்டு. ஆஃப் செய்துவிட்டோம் என்று மின்வாரிய ஊழியர் சொன்ன பிறகு அடிபட்டவரிடம் போகலாம். மூச்சு இல்லையென்றால் மார்பின் நடுவில் இரண்டு கையையும் வைத்து, 5 சென்டிமீட்டர் ஆழத்துக்கு, நிமிஷத்துக்கு 100 முதல் 120 முறை அழுத்தத் தொடங்கி, ஆம்புலன்ஸ் வரும்வரை விடாமல் செய்ய வேண்டும். எழுந்து உட்கார்ந்து "ஒண்ணுமில்லீங்க" என்று சொன்னாலும் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போங்கள். உள்ளே வெந்த காயம் வெளியே தெரியாது, இதயத் துடிப்பில் கோளாறு பிறகும் வரலாம்.

இறக்குறதும் வேலைதான்

விடியற்காலை 4 மணிக்குத் தூக்கக் கலக்கத்தில் நடப்பதுதான் மாஸ்ட் இறக்கும் வேலை. விரல் நசுங்குவதும் அந்த நேரத்தில்தான். குழாய்க்குள் குழாய் இறங்கும்போது கையால் தள்ளி உதவி செய்ய வேண்டாம், வயரைச் சுருட்டுகிறவர் கை குழாய் வாயில் இருக்கவே கூடாது. லைட்டை அணைத்து ஆறவிட்டு இறக்கினால் கண்ணாடியில் கை சுடாது. கீழே வந்ததும் பூட்டு ஊசியைப் போட்டு, அதற்குப் பிறகுதான் ஜாக்கிக் கால்களை உள்ளே தள்ள வேண்டும். அவசரத்தில் இதை மாற்றிச் செய்தால் ட்ரெய்லர் ஒரு பக்கமாகக் குடை சாயும்.

வண்டியில் மாட்டி இழுப்பதற்கு முன்பு, மாஸ்ட் படுக்கைக்கு வந்துவிட்டதா என்று டிரைவர் ஒருமுறை இறங்கிப் பின்னால் போய்ப் பார்த்துவிட்டுக் கிளம்ப வேண்டும். பாதி நிமிர்ந்த மாஸ்டோடு கிளம்பினால் அடுத்த முக்கில் குறுக்கே போகும் லைன் 5.8 மீட்டரில் காத்திருக்கும்.